ஸ்பானிய மொழியில் ‘மானோ’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய மொழி கற்க ஆரம்பித்தவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பெயர்ச்சொல் ‘மானோ’. கை. சின்னச் சொல்தான், ஆனால் சமையலறை, கால்பந்து மைதானம், நீதிமன்றம், சீட்டாட்டம் என்று எங்கும் வந்து நிற்கும். தமிழ் பேசுபவர்கள் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், என்னால் முடிந்த பதில்களும் இங்கே. உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஸ்பானியத்தில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. எனவே ‘மானோ’ என்று எழுதியிருந்தாலும் இழுக்காமல், முதல் அசையை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். ‘மோனோ’ என்று வாய் குழறினால் குரங்காகிவிடும்.

மானோ என்றால் கை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இங்கேதான் முதல் சிக்கல். நம் ‘கை’ தோளில் தொடங்கி விரல் நுனி வரை போகிறது. மானோ மணிக்கட்டோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருப்பது ‘பிராசோ’. கீழே விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்த ஒருவர் மருத்துவரிடம் போய் ‘மே துவேலே லா மானோ’ (எனக்குக் கை வலிக்கிறது) என்றால், அவர் உள்ளங்கையைத்தான் பிடித்துப் பார்ப்பார். ‘மே துவேலே எல் பிராசோ’ என்றிருக்க வேண்டும். மணிக்கட்டுக்கு ‘முன்யேக்கா’, பொம்மைக்கும் அதே சொல். முழங்கைக்கு ‘கோதோ’.

நாற்காலியின் கை? பிராசோ. சட்டையின் கை? அது ‘மாங்கா’. அரைக்கைச் சட்டை ‘மாங்கா கோர்த்தா’. ஆக, தமிழில் ‘கை’ என்று வாயில் வந்ததும் ஒரு நொடி நின்று எந்தக் கை என்று பார்த்துக்கொள்வது நல்லது. கையைக் கொடுத்தால் பிராசோவைப் பிடுங்கிக்கொள்வான் என்று ஸ்பானியத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. சில ஊர்களில் கோதோ வரை என்பார்கள். நாம் இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்கிறோமே, அதேதான். மானோவும் பிராசோவும் வேறு வேறு என்பது தெரியாமல் அந்தப் பழமொழியின் குறும்பு புரியாது.

‘ஓ’வில் முடிகிறது. ஏன் ‘எல் மானோ’ இல்லை?

பொதுவாக ‘ஓ’வில் முடிபவை ஆண்பால், அவற்றுக்கு முன்னால் ‘எல்’ வரும்; பெண்பாலுக்கு ‘லா’. மானோ ‘ஓ’வில் முடிந்தாலும் பெண்பால். லா மானோ, லாஸ் மானோஸ். லத்தீனின் ‘மானுஸ்’ என்ற சொல் பெண்பாலாக இருந்தது. அதன் பிள்ளைகளான இத்தாலிய, பிரெஞ்சு, போர்த்துகீசியச் சொற்களும் பெண்பால்தான். ஸ்பானியத்தில் ஒலி தேய்ந்து கடைசியில் ‘ஓ’ வந்துவிட்டது, பால் மட்டும் மாறவில்லை.

கற்றுக்கொள்பவர்கள் ‘லா’ போடுவதைச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். தடுக்கி விழுவது பெயரடையில்தான். ‘லா மானோ தெரேச்சோ’ என்று பாதி சரியாகவும் பாதி தவறாகவும் வரும். தெரேச்சா (வலது), ஃப்ரீயா (குளிர்ந்த), லிம்பியாஸ் (சுத்தமான, பன்மை) என்று பெயரடையும் கூடவே ‘ஆ’வுக்கு மாற வேண்டும். மனப்பாடம் செய்வதானால் வெறும் ‘லா மானோ’ என்று செய்யாமல் ‘லா மானோ தெரேச்சா’ என்று செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து ஏறிவிடும்.

‘லா ஃபோத்தோ’, ‘லா மோத்தோ’ ஆகியவையும் ஓவில் முடியும் பெண்பாற் சொற்கள்தானே என்று கேட்கலாம். அவை ஃபோத்தோகிராஃபீயா, மோத்தோசிக்லேத்தா என்ற நீளமான பெண்பாற் சொற்களின் சுருக்கம். மானோ சுருக்கம் இல்லை, பிறவியிலேயே அப்படி.

குட்டிக் கை மானீத்தாவா, மானீத்தோவா?

இரண்டும் சரி. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் ‘மானீத்தா’. லத்தீன் அமெரிக்காவின் மற்றப் பெரும்பகுதியில் ‘மானீத்தோ’. அங்கேயும் பால் மாறாது, ‘லா மானீத்தோ’தான். நீங்கள் எந்த நாட்டுக்காரரோடு அதிகம் பேசுகிறீர்களோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ஒருவரை ‘உன் மானீத்தாஸ்’ (இந்த ‘உன்’ நம் ‘உன்’ இல்லை, ‘ஒரு’) என்றால், வீட்டில் குழாய், ஃபேன், கதவுத் தாழ்ப்பாள் எது கெட்டாலும் தானே சரிசெய்துவிடும் ஆள் என்று பொருள். அதே ஊர் உணவகத்தில் ‘மானீத்தாஸ் தே செர்தோ’ என்று கண்டால் அது பன்றிக்கால்.

‘என் கைகளைக் கழுவினேன்’ என்பதற்கு ‘மீஸ் மானோஸ்’ என்று சொல்லலாமா?

சொன்னால் புரியும். ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ‘மே லாவே லாஸ் மானோஸ்’ என்பார்கள். ‘மே’ என்பது எனக்கு என்பதைச் சொல்லிவிடுகிறது, பிறகு எதற்கு இன்னொரு ‘என்’? தமிழிலும் நாம் ‘கை கழுவினேன்’ என்றுதான் சொல்கிறோம், யார் கை என்று விளக்குவதில்லை. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள்தான் ஒவ்வொரு உறுப்புக்கும் உரிமை கொண்டாடுகிறார்கள். இந்த விஷயத்தில் தமிழில் யோசிப்பதே நல்லது.

இன்னொன்று. ஆசிரியர் வகுப்பு முழுவதையும் பார்த்து ‘லெவாந்தேன் லா மானோ’ என்பார். கையைத் தூக்குங்கள் என்று ஒருமை. ஆளுக்கு ஒரு கைதானே தூக்கப்போகிறார்கள். பன்மையில் ‘லாஸ் மானோஸ்’ என்றால் இரண்டு கையையும் தூக்கச் சொல்வதுபோல ஆகிவிடும். அது போலீஸ்காரர் துப்பாக்கியோடு நிற்கும்போது சொல்வது.

ஆ மானோ, என் மானோ, தே லா மானோ... ஏன் இத்தனை?

மானோவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சொல்லைத் தனியாகக் கற்றால் ஒரு பொருள்தான் கிடைக்கும். முன்னால் வரும் சிறுசொல்லோடு சேர்த்துக் கற்றால்தான் மொழி கைவரும். நான் பார்த்தவரை நல்ல மாணவர்களும் இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு கஷ்டப்படுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

‘ஆ மானோ’ என்றால் கையால். ‘எச்சோ ஆ மானோ’ கையால் செய்தது. மெக்சிகோவின் கைவினைக் கடைகளில் எங்கும் தொங்கும் அட்டை. அதே ‘ஆ மானோ’வுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் என்றும் பொருள்: ‘லோ தியேனேஸ் ஆ மானோ?’ என்றால் ‘அது கைவசம் இருக்கிறதா?’ லத்தீன் அமெரிக்காவில் ‘எஸ்தாமோஸ் ஆ மானோ’ என்றால் நமக்குள் கணக்குத் தீர்ந்தது, யாருக்கும் யாரும் பாக்கியில்லை. ஸ்பெயினில் இதற்கு ‘எஸ்தாமோஸ் என் பாஸ்’, அதாவது சமாதானமாக இருக்கிறோம்.

வழி கேட்டால் ‘ஆ மானோ தெரேச்சா’ என்பார்கள், வலது கைப் பக்கம். நம் ஊர்களில் பெரியவர்கள் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க என்று வழி சொல்வதைக் கேட்டவர்களுக்கு இதில் ஒரு ஆச்சரியமும் இருக்காது. ‘ஆ கோந்த்ராமானோ’ என்றால் எதிர்த்திசையில், ஒருவழிப்பாதையில் தப்பான பக்கமாக வண்டி ஓட்டுவது.

‘என் மானோ’ என்பதில் உள்ள ‘என்’ நம் ‘என்’ இல்லை, ‘இல்’. கடிதத்தை என் மானோ கொடுப்பது என்றால் தபாலில் போடாமல் நேரில் ஒப்படைப்பது. பன்மையாக்கி ‘என் மானோஸ் தே’ என்றால் ஒருவர் பொறுப்பில்: வழக்கு போலீஸ் கையில் இருக்கிறது என்பதுபோல. அந்த ‘என்’னை மட்டும் ‘ஆ’வாக மாற்றி ‘ஆ மானோஸ் தே’ என்று சொல்லிப் பாருங்கள், கொலையாகிவிடும். ‘முரியோ ஆ மானோஸ் தே சூஸ் எனெமீகோஸ்’, எதிரிகளின் கையால் இறந்தான். செய்தித்தாள் படிப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது.

‘எந்த்ரே மானோஸ்’ என்றால் இப்போது கையில் எடுத்துச் செய்துகொண்டிருக்கும் வேலை. ‘தே லா மானோ’ கைகோத்து. ‘தே அந்தேமானோ’ முன்கூட்டியே. ‘பாஹோ மானோ’ கைக்கு அடியில், ரகசியமாக. கையூட்டு நடக்கும் விதம். ‘தே செகுந்தா மானோ’ செகண்ட் ஹேண்ட். ‘ஆ மானோ ஆர்மாதா’ ஆயுதம் ஏந்தி. வங்கிக் கொள்ளைச் செய்தியில் வரும். ‘ஆ மானோ அல்சாதா’ கை தூக்கி வாக்களிப்பது, அல்லது அளவுகோல் இல்லாமல் வெறுங்கையால் படம் வரைவது.

உதவி கேட்க எப்படிச் சொல்வது?

ஸ்பெயினில் ‘எச்சார் ஊனா மானோ’, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘தார் ஊனா மானோ’. ‘மே எச்சாஸ் ஊனா மானோ?’ என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ‘தார் லா மானோ’ என்று ‘லா’ போட்டால் பெரும்பாலும் கைகுலுக்குவது. ‘எச்சார் மானோ தே’ என்று எதுவும் இல்லாமல் சொன்னால், வேறு வழியின்றி ஒன்றை எடுத்துப் பயன்படுத்துவது: சேமிப்பில் கைவைப்பது மாதிரி.

எச்சரிக்கை ஒன்று: ‘மேத்தேர் மானோ’ என்பதைத் தெரியாமல் பயன்படுத்த வேண்டாம். ஒரு வேலையில் கைவைப்பது என்ற பொருள் அதற்கு உண்டு என்றாலும், ஆளைக் குறித்துச் சொன்னால் தகாத இடத்தில் தொடுவது என்றாகும். அர்த்தம் உறுதியாகத் தெரியும்வரை எச்சாரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தமிழில் உள்ள கைத்தொடர்களை அப்படியே மாற்றிச் சொன்னால் சரியாக வருமா?

ஆச்சரியம், பல சரியாகவே வரும். ‘லா மானோ தெரேச்சா’ என்றால் அமைச்சரின் வலது கை என்கிறோமே, அதே பொருள். இருவர் ‘யேகார் ஆ லாஸ் மானோஸ்’ என்றால் பேச்சு முற்றிக் கைகலப்பில் முடிந்தது. ‘கொன் லாஸ் மானோஸ் என் லா மாஸா’ என்றால் கையும் களவுமாகப் பிடிபடுவது. அவர்கள் கணக்கில் பிசைந்த மாவில் கையோடு. மாவில் கை எப்படிக் குற்றமாயிற்று என்று கேட்காதீர்கள், நம் ஆளும் ‘களவு’ என்றுதான் சொல்கிறான், எதைத் திருடினான் என்று சொல்வதில்லை.

சமையலும் அப்படியே. ‘தியேனே புவேனா மானோ பாரா லா கோசீனா’ என்பது நம் கைப்பக்குவம். செடி வைத்தால் பிழைக்கிறது, குழந்தை அழுகையை நிறுத்துகிறது என்றாலும் ‘புவேனா மானோ’தான், நாம் கைராசி என்போம். ஒரு மருந்து கைமேல் பலன் கொடுத்தால் ‘ஃபுவே மானோ தே சாந்தோ’, புனிதரின் கை பட்டதுபோல. பணம் தங்காத கைக்கு ‘மானிர்ரோத்தோ’ என்று ஒரு சொல். கை உடைந்தவன் என்பது நேர்ப்பொருள், ஊதாரி என்பது வழக்கு.

வழுக்குவது இந்த ஒற்றுமையை நம்பி வேகமாகப் போகும்போதுதான். ‘கைகழுவிவிட்டான்’ என்றால் நமக்கு ஒருவரை அம்போ என்று விட்டுவிடுவது. ஸ்பானியத்தில் ‘செ லாவோ லாஸ் மானோஸ்’ என்றால் எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. இயேசுவின் விசாரணையில் பிலாத்து தண்ணீர் கேட்டுக் கை கழுவிய கதையிலிருந்து வந்தது. நெருக்கமான பொருள்கள்தான், ஆனால் கைவிடப்பட்ட காதலியைப் பற்றிச் சொல்ல இது உதவாது.

இன்னொரு ஜோடி அடிக்கடி குழம்புகிறது. ‘செ மே ஃபுவே தே லாஸ் மானோஸ்’ என்றால் விஷயம் கைமீறிப் போய்விட்டது. அதிலிருந்து ‘தே’யை எடுத்து ஒருமையாக்கி ‘செ மே ஃபுவே லா மானோ’ என்றால், அளவு தெரியாமல் கூடப் போட்டுவிட்டேன். ‘கொன் லா சால்’ என்று சேர்த்தால் குழம்பில் உப்பு கூடிவிட்டது. விருந்துக்கு அழைத்தவர் இதைச் சொன்னால் தண்ணீர் ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘போனேர் லா மானோ என் எல் ஃபுவேகோ போர் ஆல்கியென்’, ஒருவருக்காக நெருப்பில் கை வைப்பது, அவர் நேர்மைக்கு நான் உத்தரவாதம் என்று சொல்வது. கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யும் ஊருக்கு விளக்கம் தேவையில்லை.

இடது கை அங்கேயும் மட்டமா?

இல்லை, இங்கே தலைகீழ். ‘தெனேர் மானோ இஸ்கியெர்தா’, இடது கை உள்ளவர் என்றால் பக்குவமாகப் பேசிச் சங்கடமான விஷயத்தை முடிக்கத் தெரிந்தவர். பாராட்டு. நம்மில் இடக்கையால் பணம் கொடுத்தாலே முகம் மாறும், அதனால் முதலில் கேட்கும்போது வசவு என்று தோன்றலாம். ‘இஸ்கியெர்தா’ என்பதே லத்தீன் சொல் இல்லை. வட ஸ்பெயினில் பேசப்படும் பாஸ்க் மொழியின் ‘எஸ்கெர்’ என்ற சொல்லோடு உறவுடையது. லத்தீனில் இடதுக்கு இருந்த ‘சினிஸ்தெர்’ அபசகுனம் என்ற பொருளை ஏற்றுக்கொண்டதால் மக்கள் அதைக் கைவிட்டு அக்கம்பக்கத்து மொழியிலிருந்து வேறு சொல் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு.

இடது கை என்றதும் ஸ்பானியர்களுக்கு நினைவு வரும் ஒருவர், ‘தோன் கிஹோத்தே’ நாவலை எழுதிய செர்வாந்தேஸ். 1571 அக்டோபர் 7 அன்று லெபாந்தோ கடற்போரில் குண்டடிபட்டு அவருடைய இடது கை செயலிழந்தது. அதனால் ‘எல் மான்கோ தே லெபாந்தோ’ என்று பட்டப்பெயர். ‘மான்கோ’ என்றால் கை இழந்தவர்; உண்மையில் கையை வெட்டவில்லை, வழங்காமல் போனதுதான்.

கால்பந்து பார்க்கும்போது ‘மானோ!’ என்று கத்துகிறார்களே?

பந்து கையில் பட்டுவிட்டது என்ற முறையீடு. இந்த விளையாட்டின் மிகப் பிரபலமான மானோவுக்கு யாரும் விசில் ஊதவில்லை. 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரத்தின் ஆஸ்தேகா மைதானம், உலகக் கோப்பைக் காலிறுதி. இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா எம்பி, இடது கையால் பந்தை வலைக்குள் தட்டினார். நடுவர் கோல் கொடுத்துவிட்டார். கொஞ்சம் மரடோனாவின் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்று அவர் பிறகு சொன்னதிலிருந்து அது ‘லா மானோ தே தியோஸ்’. நான்கு நிமிடம் கழித்து அவர் போட்ட இன்னொரு கோலில் எந்தச் சர்ச்சையும் இல்லை. அர்ஜென்டினா 2-1 என்று வென்றது.

அரசியல் பக்கத்தில் வருவது ‘மானோ தூரா’, கடுமையான கை. நம் பத்திரிகைகள் இரும்புக்கரம் என்று எழுதும். எல் சால்வடாரில் 2003ல் தெருக் கும்பல்களுக்கு எதிராக அரசு கொண்டுவந்த திட்டத்துக்குப் பெயரே அதுதான்; அடுத்து வந்த ஜனாதிபதி ‘சூப்பெர் மானோ தூரா’ என்று இன்னொன்றை அறிவித்தார்.

‘மானோ ஆ மானோ’ என்றால் ஆணுக்கு ஆண் நேருக்கு நேரா?

ஆங்கிலத் திரைப்படங்கள் கிளப்பிவிட்ட குழப்பம். ஆணுக்கு ஸ்பானியத்தில் ‘ஓம்ப்ரே’. இது கைக்குக் கை. காளைச்சண்டையில் வழக்கமாக மூன்று வீரர்கள் ஆறு காளைகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இரண்டே வீரர்கள் மோதினால் அது மானோ ஆ மானோ. சண்டையே இல்லாமலும் வரும், இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டிலைக் காலி செய்தாலும் அதுதான்.

கையே இல்லாத இடத்திலும் மானோ வருகிறதே?

வரும். சுவருக்கு ‘ஊனா மானோ தே பின்தூரா’ என்றால் ஒரு கோட்டிங் பெயின்ட். ‘மானோ தே ஓப்ரா’ என்றால் தொழிலாளர்கள், அல்லது மெக்கானிக் ரசீதில் பொருள் விலைக்குக் கீழே வரும் கூலி. நான்கு கால் பிராணிகளின் முன்னங்கால்கள் மானோஸ். சீட்டாட்டத்தில் ஒரு சுற்று மானோ, முதலில் இறங்குபவரும் மானோ. ஒரு ரீமில் இருபதில் ஒரு பங்கு காகிதமும் மானோ.

எனக்குப் பிடித்தவை சமையலறையில் இருப்பவை. உரலில் இடிக்கும் உலக்கை ‘மானோ தே மோர்த்தேரோ’. மெக்சிகோவில் சோளத்தையும் கொக்கோவையும் அரைக்கும் கல்லுக்கு ‘மெத்தாத்தே’ என்று அஸ்டெக் மக்களின் நாவாத்ல் மொழியிலிருந்து வந்த பெயர். அதன்மேல் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் உருட்டும் நீளமான கல் ‘மானோ’. அம்மியும் குழவியும் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார்கள், மெத்தாத்தேயில் கால்கள் இருப்பது மட்டும் வித்தியாசம். லத்தீன் அமெரிக்காவின் பல இடங்களில் வாழைத்தாருக்கு ‘ரசீமோ’, அதிலிருந்து பிரியும் ஒவ்வொரு சீப்பும் ‘மானோ’. நாம் சீப்பைப் பார்த்தோம், அவர்கள் விரல்களைப் பார்த்தார்கள்.

கடிகார முள் மட்டும் மானோ இல்லை. ‘மானெசீய்யா’ அல்லது ‘அகூஹா’.

மெக்சிகோக்காரர் என்னை ‘மானோ’ என்று கூப்பிட்டார். ஏன்?

‘எர்மானோ’ (சகோதரன்) என்பதன் வால். ‘கே ஓன்தா, மானோ?’ என்றால் என்னப்பா, எப்படி இருக்கே? கைக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது ஆண்பால்; பெண்ணைக் கூப்பிட்டால் ‘மானா’. நண்பர்களுக்குள் மட்டும். முன்பின் தெரியாத பெரியவரிடம் ‘செஞ்யோர்’தான் மரியாதை.

மானோவோடு தொடர்புள்ள வேறு சொற்கள்?

நிறைய. ‘மான்தெனேர்’ (காப்பாற்று, பராமரி) கையில் பிடி என்பதிலிருந்து வந்தது. ‘மனோஹோ’ ஒரு கைப்பிடி அளவு, கீரைக்கட்டு. ‘பாசாமானோஸ்’ மாடிப்படியின் கைப்பிடிச் சுவர், இது ஆண்பால்; ‘பாலோன்மானோ’ (ஹேண்ட்பால்) என்ற விளையாட்டும் அப்படியே.

சுவாரசியமானது ‘மாங்கோ’. கத்திக்கும் வாணலிக்கும் உள்ள கைப்பிடி மாங்கோ, மானோவின் குடும்பம். சாப்பிடும் மாம்பழமும் மாங்கோ. அது நம் ‘மாங்காய்’, மலையாளத்து ‘மாங்ங’, கேரளக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’வாகி ஐரோப்பா போய்ச் சேர்ந்த சொல். இரண்டும் ஒலியில் மோதிக்கொண்டவை, உறவினர் இல்லை. போதாததற்கு அர்ஜென்டினாவின் பேச்சு வழக்கில் ஒரு மாங்கோ என்றால் ஒரு பெசோ, பணம். ‘நோ தெங்கோ உன் மாங்கோ’ என்பவரிடம் பழம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அவர் பை காலி என்கிறார்.

இந்தத் தொடர்களையெல்லாம் அகராதியில் எப்படித் தேடுவது?

1713ல் தொடங்கிய ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘எச்சார் ஊனா மானோ’வை வினைச்சொல்லான ‘எச்சார்’ பதிவில் தேடாமல் பெயர்ச்சொல்லுக்குப் போங்கள். தொடர்களைப் பொதுவாகப் பெயர்ச்சொல்லின் கீழேதான் வைப்பார்கள். மானோ பதிவு பக்கம் பக்கமாக நீளும். மேலே எண்ணிட்ட பொருள்கள், கீழே தொடர்கள். எந்த நாட்டில் வழங்குகிறது என்பதும் சுருக்கக் குறியாகப் பக்கத்திலேயே இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.